குற்றத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு படிப்பு



ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமப் போனா என்ன செய்கிறோம்? மை போட்டுப் பார்க்கிறோம். கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்கிறோம். கடைசியில் பழி யார் தலையில் விழுது? வீட்டு வேலைக்கு வந்த ஏழைப் பெண் தலையில்தான். அதேபோல ஒரு வீட்டு மருமகள் திடீரென இறந்துபோனால், "தீராத வயிற்று வலி" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டியது மையும் இல்லை, ஊர் வாயும் இல்லை. தடயம்தான். தடயத்தை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் படிப்பு பற்றி இந்த மாதம் பார்ப்போம்.

தடயம் எப்படிப் பேசும்?

கையெழுத்துப் பழகும் முன்னே நாம் குழு நோட்டில் கைநாட்டு வைத்தோமே, அந்த ரேகை ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருக்காது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட வேறு வேறுதான். இதை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காண 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கினார்கள்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டு வெடித்து இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே கிடந்த ஒரு கேமராவின் பிலிமைக் கழுவிப் பார்த்தபோது, மாலையோடு நின்ற பெண்ணின் படம் கிடைத்தது. விசாரணைக்கு அதுவே பெரிய துப்பு. அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். சிதறிக் கிடந்தவற்றை ஆராய்ந்து, அந்தப் பெண் இடுப்பில் குண்டைக் கட்டி வந்ததைக் கண்டறிந்தார்.

இந்தத் துறையின் வட்டார ஆய்வகம் நம்ம மதுரையிலும் இருக்கு.

என்ன படிக்கலாம்?

குற்றவியல் என்பது இரண்டு வருட மேல்படிப்பு (எம்.ஏ.). சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித்துறை உண்டு. குற்றம் ஏன் நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, புலன்விசாரணை எப்படி, பாதிக்கப்பட்டவருக்கு எப்படி உதவுவது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். தடய அறிவியல் (எம்.எஸ்சி.) படிக்க அறிவியல் டிகிரி வேண்டும். எனவே பிள்ளை பிளஸ் 1 சேரும்போதே யோசிக்கணும். விண்ணப்பிக்கும் முன் தகுதி, கட்டணம் இரண்டையும் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். இந்தப் படிப்பு முடித்தாலே வேலை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சப்-இன்ஸ்பெக்டர் ஆக ஒரு டிகிரி இருந்தால் போதும். ஆனால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வில் ஜெயிக்கணும். குற்றவியல் படித்தவர்கள் குழந்தைகள் பாதுகாப்பு, பெண்கள் உதவி மையம் போன்ற இடங்களிலும் வேலை பார்க்கலாம்.

"போலீஸ் வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: அடிபட்ட பெண் வாய் திறந்து பேச, எதிரில் ஒரு பெண் இருந்தால் எவ்வளவு நல்லது!

படிக்காத நாமும் செய்ய வேண்டியவை

* திருட்டோ, மரணமோ நடந்த இடத்தில் கூட்டம் கூட விடாதீர்கள். எதையும் தொடாதீர்கள், கழுவாதீர்கள்.
* பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் துணியைத் துவைக்காதீர்கள். காற்றாட உலர்த்தி, காகிதப் பையில் வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.
* விஷம் குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அந்த மருந்து பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். உயிரைக் காக்கவும் உதவும், சாட்சியாகவும் நிற்கும்.
* கல்யாணமாகி 7 வருடத்துக்குள் பெண் சந்தேகமாக இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கணும். அவசரப்பட்டு எரித்துவிட்டால் தடயமும் சாம்பலாகிவிடும்.
* புகார் கொடுத்தவர் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.
* பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, போனில் பண மோசடி என்றால் 1930.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். நம் குழுக்களில் டிகிரி படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அவர்களில் ஒரு பெண்ணாவது நாளைக்கு மதுரை ஆய்வகத்தில் உட்கார்ந்து, "இது வயிற்று வலி இல்லை" என்று எழுதட்டும்.