நிலம் ஆடவில்லை, ஆனாலும் தலை சுற்றுகிறது

2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி கண்டிக்கு அருகே திகன, அம்பகோட்டே, ஹாரகமப் பக்கத்து வீடுகள் திடீரென்று குலுங்கின. சுண்ணக்கல் அகழ்விடத்தில் வெடி வைக்கிறார்கள் என்றுதான் பலர் முதலில் நினைத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் இன்னும் சில தடவை நிலம் அதிர்ந்தது. பல்லேகலவில் உள்ள நில அதிர்வுமானி அவற்றைப் பதிவு செய்திருந்ததால், நடந்தது சிறு நிலநடுக்கம்தான் என்று அதிகாரிகளால் சொல்ல முடிந்தது.

நிலம் அடங்கிய பிறகும் சிலருக்கு அது ஆடிக்கொண்டே இருக்கும். ஜப்பானில் 2011இலும் 2016இலும் வந்த பெரும் நிலநடுக்கங்களுக்குப் பிறகு, அசையாத தரையிலும் ஆட்டத்தை உணர்ந்தவர்களை அந்நாட்டு வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நிலநடுக்கம் என்ற ஒன்றே இல்லாமல் தலைசுற்றலோடு வாழ்பவர்களும் நம் நடுவில் நிறையப் பேர். விடிகாலையில் படுக்கையில் புரண்டால் கூரை சுழலும். எழுந்தால் சுவரைப் பிடிக்கவேண்டும். "பிரஷர் கூடிட்டு போல" என்பார் வீட்டுக்காரர். "பித்தம், இஞ்சி குடி" என்பார் மாமியார். காதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் காதில் வலியும் இல்லை, கேட்பதிலும் குறை இல்லை.

உட்செவியில் கேட்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே சமநிலைக்கான உறுப்பு இருக்கிறது. மூன்று அரைவட்டக் கால்வாய்களில் திரவம் நிறைந்திருக்கும். கோப்பையைச் சட்டென்று திருப்பினால் உள்ளே இருக்கும் தேத்தண்ணி ஒரு கணம் பின்தங்குமே, அதேபோலத் தலை திரும்பும்போது இந்தத் திரவம் பின்தங்கும். அந்தத் தாமதத்தை நுண்ணிய மயிர்க்கலங்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். கால்வாய்களுக்கு அருகில் உள்ள இரண்டு சிறு பைகளில் கண்ணுக்குத் தெரியாத பளிங்குத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. மேல், கீழ், சரிவு எல்லாம் அவற்றின் பாரத்தால்தான் நமக்குப் புரிகிறது. அந்தத் துகள் கல்சியம் காபனேற்று; சுண்ணக்கல்லில் இருக்கும் அதே சேர்மம்.

வயதாலோ தலையில் பட்ட அடியாலோ அந்தத் துகள்கள் கழன்று கால்வாய்க்குள் விழுந்தால், தலை சாயும்போதெல்லாம் அவை உருளும். இல்லாத சுழற்சியை மூளை நம்பிவிடும். கிறுகிறுப்புக்குக் காதில் உள்ள காரணங்களில் மிகச் சாதாரணமானது இதுதான். இதற்கு அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி கண்ட வழி மருந்தே இல்லாதது. நோயாளியின் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகள்களை அவை இருந்த பைக்கே உருட்டிவிடுவதுதான் அது. சில நிமிட வேலை. பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணமாகும். இவ்வளவு எளிதான முறையைச் சக வைத்தியர்கள் பலர் வருடக்கணக்கில் நம்ப மறுத்தார்கள். அவருடைய விரிவான கட்டுரை 1992இல்தான் வெளிவந்தது. இன்றும் நம் ஊரில் இதை அறியாமல் மாதக்கணக்கில் குளிசை விழுங்குபவர்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

உட்செவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல்லேகல கிரிக்கெட் மைதானத்தில் உயரப் பறந்த பந்தைத் துரத்தி ஓடும் களத்தடுப்பாளரைக் கவனியுங்கள். அவர் தலை குலுங்குகிறது, ஆனால் பந்து அவர் கண்ணில் குலுங்குவதில்லை. தலை அசையும் திசைக்கு எதிராகக் கண்ணைத் திருப்பும்படி உட்செவி இடும் கட்டளை, ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நிறைவேறிவிடுகிறது. இரண்டு காதிலும் இந்த உணர்வு கெட்டவருக்கு நடக்கும்போது கடைப் பலகை துள்ளும், எதிரே வருபவரின் முகம் மங்கும். கடும் தொற்றுக்குப் போடும் ஜென்டமைசின் ஊசியாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

சேதம் அதோடு நிற்பதில்லை. இரு காதுகளின் சமநிலை நரம்புகளையும் அறுவைச் சிகிச்சையில் இழந்தவர்களை ஜெர்மனியில் தோமஸ் பிராண்டின் குழு ஆராய்ந்து 2005இல் வெளியிட்டது. இடத்தையும் வழியையும் நினைவில் வைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதி அவர்களுக்குச் சுமார் 17 சதவீதம் சுருங்கியிருந்தது. கணினியில் வழி கண்டுபிடிக்கும் சோதனையிலும் அவர்கள் பின்தங்கினார்கள். காது அனுப்பவேண்டிய செய்தி வராதபோது, நிற்பதற்கும் நடப்பதற்குமே மூளை யோசிக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் இவர்களுக்குச் சீக்கிரம் களைப்பு வருகிறது, சமைத்துக்கொண்டே பேச முடிவதில்லை, கணக்குப் பிசகுகிறது. வெளியே ஒரு காயமும் தெரியாததால், வீட்டிலும் வேலைத்தளத்திலும் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ பேர் வாங்குகிறார்கள். இதைவிட அநியாயம் வேறில்லை.

பிறகு பயம் வரும். மஹியங்கனைக்குப் போகும் பதினெட்டு வளைவுப் பாதையில் நல்ல உடம்புக்காரருக்கே குமட்டும். இவர்கள் கண்டி பஸ்ஸில் ஏறவே தயங்குவார்கள். மேல் தட்டில் இருக்கும் சாடியை அண்ணாந்து எடுக்கமாட்டார்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதும், தொழுகையில் சுஜூது செய்வதும் கஷ்டமாகும். கரண்ட் போன இரவில் கண்ணின் துணையும் இல்லாமல் போகும். அப்போதுதான் முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

பயந்து அசையாமல் இருப்பதுதான் இந்த நோய்க்குப் போடும் தீனி. ஒரு காதின் நரம்பு கெட்டாலும், அசைந்து பழகினால் மூளை மீதியை வைத்துப் புதுக் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளும். 1940களிலேயே இங்கிலாந்தில் கோதோர்ன், குக்சி என்ற இருவர் இதற்கான கண், தலை, உடல் பயிற்சிகளை வகுத்துவிட்டார்கள். தலைசுற்றலை அடக்கும் குளிசை முதல் சில நாட்களுக்கு உதவும். நீண்ட நாள் எடுத்தால் மூளை கற்பதை அதுவே தடுக்கும்.

ஆகவே, தலைசுற்றினால் பிரஷரைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். படுக்கும்போதும் புரளும்போதும் சுற்றுகிறதா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, காது இரைகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தரும்படி உங்கள் வைத்தியரைத் தயங்காமல் கேளுங்கள். கழுத்தில், முதுகெலும்பில் கோளாறு உள்ளவர்கள் வீடியோவைப் பார்த்துத் தாங்களாகவே தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டாம். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ அது காதுப் பிரச்சினையாக இல்லாமல் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும்.