வாழைத் தோட்டமும் வானொலியும்



பெரட்டுக் களத்தில் ஒரு செய்தி காதில் விழுந்தால், "யார் சொன்னது?" என்று கேட்கிறோம். அதுவே பத்திரிகையில் அச்சாகி வந்துவிட்டால் கேட்பதில்லை. நமது இந்தப் பழக்கத்தை நன்கு அறிந்து நடத்தப்படும் தொழில் ஒன்று உண்டு. அதற்கு மக்கள் தொடர்பு என்று பெயர். தோட்ட மக்களாகிய நம் மனத்தைத் தொடும் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

மத்திய அமெரிக்காவிலுள்ள சிறு நாடு குவாத்தமாலா. அங்கே யுனைட்டெட் புரூட் என்னும் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிக்குப் பெருநிலம் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ஜாக்கோபோ ஆர்பென்ஸ் 1952இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெருந்தோட்டங்களில் பயிரிடாமல் கிடந்த நிலம் ஏழை உழவர்களுக்கு வழங்கப்பட்டது. வரிக்காக உடைமையாளர் தாமே காட்டிய மதிப்பே நட்டஈட்டுக்குக் கணக்கு. அதன்படி கம்பெனிக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர். கம்பெனிக்காக அமெரிக்க அரசு 1954இல் கேட்டதோ 1 கோடியே 58 லட்சம் டாலருக்கு மேல்! வரி கட்டும்போது ஒரு விலை; நட்டஈடு கேட்கும்போது வேறொரு விலை.

கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். அவர் கம்பெனிச் செலவில் பத்திரிகையாளர்களைக் குவாத்தமாலாவுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். கம்யூனிச ஆபத்து என்ற செய்திகள் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெருகின. பனிப்போர்க் காலமாதலால் அமெரிக்க அரசுக்கு அந்த அச்சம் முன்பே இருந்தது. எரிகிற அடுப்பை ஊதுகுழல் ஊதியதுபோல் ஆயிற்று.

1954 மே மாதம் 'விடுதலைக் குரல்' என்றொரு வானொலி ஒலித்தது. குவாத்தமாலாக் காட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னது. உண்மையில் அதை நடத்தியது அமெரிக்க உளவுத்துறை. ஒலிபரப்பானது நாட்டுக்கு வெளியிலிருந்து. ஜூனில் எல்லை தாண்டிய சில நூறு பேரை அது பெரும்படைபோல் காட்டியது. ஜூன் 27இல் ஆர்பென்ஸ் பதவி விலகினார். உழவர் பெற்ற நிலம் பெரும்பாலும் பறிபோயிற்று. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர் என்று உண்மை கண்டறியும் ஆணையம் 1999இல் கணித்தது.

மக்கள் தொடர்பு முழுவதும் தீயது என்று நாம் சொல்லவில்லை. டிங்கிக் கொசுவை ஒழிக்கச் சொல்லும் சுகாதார அறிவிப்பும் அதுவே. தொழிற்சங்கம் சம்பள உயர்வுக்காக விடும் பத்திரிகை அறிக்கையும் அதுவே. முன்னதில் பேசுபவர் யாரென்று தெரிகிறது, பின்னதிலும் தெரிகிறது. பேசுபவர் மறைந்துகொள்ளும்போதுதான் ஆபத்து.

ஆகவே, செய்தி வானொலியில் வரட்டும், கைப்பேசியில் வரட்டும், மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் சொல்பவர் யார்? செலவு யாருடையது? மறுபக்கத்தார் பேச இடம் கிடைத்ததா? இக்கேள்விகளை நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோம். இப்போது பேசிய நம்மிடமும் அவற்றைக் கேளுங்கள்.