கை வைத்த போர்வை: யாருக்குத் தேவை, எப்படித் தெரிவு செய்வது?

உடுப்பிட்டிக்குத் திரும்பி வந்து, காணியில் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கூரைக்குத் தறப்பாள் கட்டி முடிக்கும்போதே மாரி தொடங்கிவிடுகிறது. கதவு, யன்னல் இன்னும் பூட்டவில்லை. நிலம் சீமெந்து. அப்போதுதான் போர்வை பற்றிய யோசனை வருகிறது. நிவாரணப் பொதியில் ஒன்றோ இரண்டோ கிடைத்திருக்கும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர், "அம்மாவுக்குக் குளிருக்கு நல்லது" என்று கை வைத்த தடித்த போர்வை ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருப்பார். சந்தையிலும் அதைப்போன்றவை தொங்குகின்றன. வாங்கலாமா? வந்ததை யாருக்குக் கொடுக்கலாம்? கையில் இருக்கும் சிறு பணத்தை எதில் முதலில் போடுவது? இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது.

எங்கள் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மார்கழி, தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு மேலேயே இருக்கிறது. குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இது குளிரே அல்ல. ஆனாலும் எங்களுக்கு உடம்பு நடுங்குகிறது. காரணம் ஈரமும் காற்றும். ஐப்பசி முதல் மார்கழி வரைதான் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்கிறது. அதோடு வாடைக்காற்றும் வீசுகிறது. நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு மிக விரைவாக வெளியேறிவிடும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகள் குளிரால் இறந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அங்கே பனி கொட்டவில்லை. மழையும் காற்றும் ஒதுக்கிடமின்மையும்தான் அவற்றைக் கொன்றன.

ஆகவே போர்வையின் தடிப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று.

1. காற்று வரும் பக்கத்தை மறையுங்கள். யன்னல் இல்லாத இடத்தில் தறப்பாள், சாக்கு, கிடுகு எதையாவது இறுகக் கட்டுங்கள். புகை வெளியேற மேலே சிறிது இடைவெளி விடுங்கள்.
2. நிலத்துக்கும் உடம்புக்கும் இடையில் ஏதாவது போடுங்கள். சீமெந்து நிலம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். மேலே இரண்டு போர்வை போட்டாலும் கீழே வெறும் பெட்சீற் என்றால் குளிரும். காட்போட் மட்டை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாய் என்று விரித்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.
3. படுக்கும்போது காய்ந்த உடுப்பை மாற்றுங்கள். நனைந்த உடுப்போடு எந்தப் போர்வைக்குள் படுத்தாலும் பயன் குறைவு.

இந்த மூன்றுக்கும் அதிகம் செலவில்லை. இவற்றுக்குப் பிறகுதான் போர்வைக்குக் காசு.

கை வைத்த போர்வை எதற்காக உண்டானது?

1998இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர், குளிருக்குப் போர்த்துக்கொண்டே கையை வெளியில் நீட்ட வழி தேடினார். அவருடைய தாயார் கை வைத்து ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார். அது பின்னர் ஸ்லாங்கெற் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2008இல் ஸ்னகி என்ற இன்னொரு பெயரில் தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம் பெரும் புகழ் பெற்றது.

இக்கதையில் எங்களுக்கு வேண்டிய விடயம் ஒன்றுதான். இது கதிரையில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது. அடுப்படியில் நிற்பவருக்கோ, கிணற்றடிக்கு நடப்பவருக்கோ செய்யப்பட்டதல்ல.

இப்போது இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று முன்பக்கமாகக் கைகளை நுழைத்துப் போடுவது. முதுகுப்பக்கம் திறந்திருக்கும். மற்றது தலைவழியாகப் போடும் தொளதொளத்த சட்டை போன்றது, தொப்பியும் இருக்கும். கழுத்து, தோள் நோவுள்ள முதியவருக்கு முதலாவது வகை இலகு. தலைவழியாகப் போடுவதை அவரால் தனியே கழற்ற முடியாது. இரவில் அவசரமாக எழும்ப வேண்டி வந்தால் அது பெரிய தொல்லை.

யாருக்குப் பொருத்தம்?

கூடுதலாகப் பயன்படுவது நெடுநேரம் இருந்த இடத்தில் இருப்பவர்களுக்குத்தான்.

- சாய்மனைக் கதிரையில் நாள் கழிக்கும் முதியவர்கள். சாதாரண போர்வை ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் நழுவும். இது நழுவாது.
- பாலூட்டும் தாய்மார். இவர்கள் போர்வையைத் திருப்பி, திறந்த பக்கம் முன்னால் வரும்படி மேற்சட்டைபோலப் போடலாம்.
- விடியப்புறம் எழும்பிப் படிக்கும் பிள்ளைகள், மின்விளக்கில் படிப்பதாக இருந்தால் மட்டும்.
- சக்கர நாற்காலி பாவிப்பவர்கள். ஆனால் கீழ் விளிம்பு சில்லில் சிக்காதபடி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வெட்டித் தையுங்கள்.

பொருத்தமில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை இதற்குள் படுக்க வைக்க வேண்டாம். தளர்வான எந்தப் போர்வையும் மூக்கு வாயை மூடி மூச்சுத் திணற வைக்கலாம். தாய் இதைப் போட்டுக்கொண்டு குழந்தையை அணைத்தபடி உறங்கிப்போவதும் ஆபத்து. குழந்தைக்கு அளவான, காய்ந்த பருத்திச் சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். விழித்திருக்கும்போது தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைத்திருப்பது எந்தக் கம்பளியைவிடவும் நல்ல சூடு. குறைமாதக் குழந்தை என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு நடவுங்கள்.

எந்தத் துணி?

பார்சலில் வருபவையும் நிவாரணத்தில் கிடைப்பவையும் பெரும்பாலும் ஃபிளீஸ் எனப்படும் பொசுபொசுத்த பொலியெஸ்ரர் துணி. இது பாரம் குறைவு. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆகவே விரைவில் காயும். எங்கள் மாரிக்கு இது முக்கியமான நன்மை. இதன் குறை, காற்று ஊடே போய்விடும். கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வருவது தெரியும். அதனால் அதற்கு மேலே ஒரு பருத்திப் பெட்சீற்றைப் போர்த்துங்கள். இரண்டும் சேரும்போது சூடு நிற்கும்.

பருத்திப் போர்வை உடம்புக்கு இதமானது. ஆனால் நனைந்தால் பாரமாகிவிடும், மழை நாட்களில் காய நாட்கள் எடுக்கும்.

கம்பளி சற்று ஈரமானாலும் சூடு தரும், இலகுவில் தீப்பிடிக்காது. ஆனால் விலை கூட, தோய்ப்பது கடினம், பூச்சி அரிக்கும்.

உள்ளே ஆட்டுமயிர்போலத் தடித்த புறணி வைத்தவை பார்க்க நல்லாக இருக்கும். ஒருமுறை தோய்த்தால் கொடியில் நாட்கணக்கில் கிடக்கும். மாரிக்கு இதைத் தெரிய வேண்டாம்.

வாங்கும்போது உள்ளங்கையால் நாலைந்து முறை தேயுங்கள். நூலும் மயிரும் கையோடு வந்தால், தோய்த்ததும் இன்னும் உதிரும். முட்டு வருத்தம் உள்ளவருக்கு அது கூடாது. கை பொருத்திய இடத்தை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். தையல் வாய் விரிந்தால் விட்டுவிடுங்கள்.

அளவு

நிறுத்திவைத்துப் போட்டுப் பாருங்கள். கீழ் விளிம்பு கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். பார்சலில் வருபவை உயரமான ஆட்களுக்கென்று வெட்டியவை. எங்கள் அம்மம்மாவுக்கு அது நிலத்தில் இழுபடும். மலகூடம் வீட்டுக்கு வெளியே, படி நனைந்திருக்கும், வெளிச்சம் இல்லை என்றால் அந்த ஒரு முழம் துணி இடுப்பெலும்பை முறித்துவிடும். கூடுதல் நீளத்தை வெட்டிவிடுங்கள். கை மணிக்கட்டோடு நிற்க வேண்டும், வாய் அகலமாகத் தொங்கக்கூடாது. எழும்பி நடக்க வேண்டுமென்றால் கழற்றிவிட்டு நடப்பதே நல்லது.

நெருப்பு

இந்தப் பந்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மின்சாரம் இன்னும் வராத வீட்டில் குப்பி விளக்கும் விறகடுப்பும்தான். தொங்கும் கை விளக்கில் பட ஒரு கணம் போதும். பொலியெஸ்ரர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பொசுபொசுத்த பருத்தி வேகமாகப் பற்றும். ஆகவே கை வைத்த போர்வையோடு சமைக்கவோ, விளக்கேற்றவோ, விறகடுப்புக்குப் பக்கத்தில் குளிர்காயவோ வேண்டாம். அதைப் போடுபவர் இருக்கும் இடத்தில் சூரிய ஒளி விளக்கையோ ரோச்சையோ வையுங்கள்.

உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. முகத்தைக் கைகளால் மூடி நிலத்தில் விழுந்து உருள வேண்டும். எரிந்த இடத்தில் 20 நிமிடம் சாதாரண தண்ணீர் ஊற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நாமே தைக்கலாம்

வீட்டில் ஆளுக்கொரு போர்வை இருந்து, ஒன்று மிஞ்சினால் மட்டும் இதைச் செய்யுங்கள். இருக்கும் ஒரே போர்வையை வெட்ட வேண்டாம். வெட்டாத போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள் படுக்கலாம்.

நிவாரணப் போர்வை பெரும்பாலும் 2 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம். ஐந்தடி உயரமான ஒருவருக்கு:

1. நீளத்தில் 125 சென்ரிமீற்றர் அளந்து குறுக்கே வெட்டுங்கள். அகலத்தை அப்படியே விடுங்கள்.
2. மீதித் துண்டில் 60 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமுமாக இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் குழாய்போல மூட்டுங்கள். இவைதான் கைகள். மணிக்கட்டுப் பக்கம் ஒடுக்கித் தையுங்கள்.
3. பெரிய துண்டின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே, நடுவிலிருந்து இரு பக்கமும் 20 சென்ரிமீற்றர் தள்ளி, நெடுக்காக 25 சென்ரிமீற்றர் கீறுங்கள்.
4. கீறலில் கையைப் பொருத்தி இரட்டைத் தையல் போடுங்கள்.
5. பின்கழுத்தில் ஒரு பெரிய பொத்தானோ ஒட்டுப்பட்டியோ வையுங்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டாம்.

ஃபிளீஸ் துணியின் விளிம்பு நூல் பிரியாது, மடித்துத் தைக்கத் தேவையில்லை. மெஷின் இல்லாவிட்டால் கைத்தையலே போதும். பழைய கம்பளிச் சட்டையின் கைகளை வெட்டிப் பொருத்துவது இன்னும் சுலபம். மிஞ்சிய துண்டில் பாத உறை தைக்கலாம்.

தோய்த்தலும் காயவைத்தலும்

புதிதோ பழையதோ, பார்சலில் வந்ததை முதலில் ஒருமுறை தோயுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், சூடான ஸ்திரிக்கைப்பெட்டி வைக்க வேண்டாம். முறுக்காமல் அமத்திப் பிழிந்து, உட்புறம் வெளியே வரும்படி கொடியில் போடுங்கள். வெயில் எறிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். ஈர மணம் அடிக்கும் போர்வையில் பூஞ்சணம் இருக்கலாம், அது இருமலையும் முட்டையும் கூட்டும்.

மாரியில் நுளம்பும் கூட. போர்வை இருக்கிறதென்று நுளம்பு வலையை விட்டுவிட வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போவது?

முதியவர் ஒருவர் நடுங்குவதை நிறுத்தி, பேச்சுக் குழறி, தூங்கி வழிந்தால் அது களைப்பென்று விட்டுவிடாதீர்கள். உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். நனைந்த உடுப்பைக் கழற்றி, துடைத்து, காய்ந்த போர்வையால் தலையையும் சேர்த்துச் சுற்றுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சீனி போட்ட இளஞ்சூட்டுத் தேநீர் கொடுங்கள். சாராயம் கொடுக்க வேண்டாம், கைகாலைத் தேய்க்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இறுதியாக ஒன்று. பிள்ளை அனுப்பிய நல்ல சாமான் என்று பல தாய்மார் அந்தப் போர்வையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு, பழைய சேலையைப் போர்த்துக்கொண்டு படுக்கிறார்கள். இத்தனை தடவை இடம்பெயர்ந்து, இருந்ததெல்லாம் விட்டுவிட்டு ஓடியவர்களுக்குக் கிடைத்ததைப் பத்திரப்படுத்தும் பழக்கம் வருவது இயல்புதான். ஆனால் அனுப்பிய பிள்ளை அம்மாவுக்குக் குளிரக்கூடாது என்றுதான் அனுப்பினது. நீளத்தை வெட்டி, தோய்த்துக் காயவைத்து, இந்த மாரியிலேயே அம்மாவைப் போடச் சொல்லுங்கள்.