முதல் இரண்டு கிழமையை நம்ப வேண்டாம்

மார்ச் மாதக் கடைசியில் இரண்டு விளையாட்டுப் பருவங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கும். ஒன்று ஐபிஎல். கல்லடியிலும் ஏறாவூரிலும் களுவாஞ்சிகுடியிலும் அதைப் பற்றிப் பேசாத பொடியன்கள் குறைவு. மற்றது அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போல். மட்டக்களப்பு வாவிக்கரையில் அதைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் போனில் பதினொரு பேரைத் தெரிவு செய்து, அவர்களின் ஓட்டத்துக்கும் விக்கெட்டுக்கும் புள்ளி சேர்க்கும் ஃபேன்டசி ஆட்டம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது என்றால், அதற்கு வழி போட்டது பேஸ்போல்தான். அங்கே இதையே தொழிலாக ஆராய்ந்து எழுதுபவர்கள் தங்களுக்குள் நடத்தும் நிபுணர் லீக்குகளும் உண்டு. பருவத் தொடக்கத்தில் அவர்கள் எதைச் செய்கிறார்கள், எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பது நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகருக்கும் உதவும்.

எல்லே தெரிந்தவருக்குப் பேஸ்போல் புரியும்

பாடசாலையில் எல்லே ஆடியவருக்குப் பேஸ்போலின் அடிப்படையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பந்தை அடித்துவிட்டு, தரிப்பிடங்களைச் சுற்றி ஓடி, தொடங்கிய இடத்துக்கு வந்தால் ஓட்டம். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்று. மட்டக்களப்புக்கு அமெரிக்க விளையாட்டு புதிதுமல்ல. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்தவர்களில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் உண்டு. நகரின் வெபர் மைதானம் அப்படி வந்த வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்குகிறது. கூடைப்பந்து இங்கே வேர் பிடித்த அளவுக்குப் பேஸ்போல் பிடிக்கவில்லை.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். ஏறக்குறைய ஆறு மாதம், நாள்தோறும் எண்கள் குவிந்துகொண்டே இருக்கும். எண்ணை வைத்து ஆடும் ஆட்டம் பேஸ்போலில் செழித்ததற்கு இதுவே காரணம்.

நண்பர்கள் தொடங்கிய ஏலம்

1980இல் நியூயோர்க்கில் டானியல் ஒக்ரென்ட் என்ற பதிப்பாசிரியரும் நண்பர்களும் ஒரு லீக்கைத் தொடங்கினார்கள். உண்மையான வீரர்களை ஏலம் போட்டு எடுத்து, பருவம் முடியும்வரை அவர்களின் புள்ளிவிவரத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான் ஆட்டம். அவர்கள் கூடிப் பேசிய 'லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ்' என்ற உணவகத்தின் பெயரால் இந்த முறைக்கே 'ரொட்டிசெரி' என்று பெயர் வந்தது. 1981இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆட்டங்கள் நின்றபோது, எழுத விஷயம் இல்லாத விளையாட்டு நிருபர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அப்படித்தான் இது நாடெங்கும் பரவியது.

பின்னர் நிபுணர்கள் களம் இறங்கினார்கள். 1994இல் 'யுஎஸ்ஏ டுடே' நிறுவனத்தின் பேஸ்போல் வார இதழ் 'லேபர்' லீக்கைத் தொடங்கியது. 1998இல் 'டவுட் வோர்ஸ்' வந்தது. இவை இரண்டும் ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும் முன் ஏலம் நடத்துகின்றன. யார் எந்த வீரருக்கு என்ன விலை கொடுத்தார் என்பதை மற்ற ரசிகர்கள் சந்தை நிலவரம்போல் படிக்கிறார்கள்.

ஏல நாளின் கணக்கு

வழக்கமான விதி இது: ஒவ்வொருவர் கையிலும் 260 டொலர் மதிப்புள்ள கற்பனைக் காசு. அதற்குள் 23 பேரை எடுக்க வேண்டும்: அடிப்பவர்கள் 14, எறிபவர்கள் 9. பத்துப் பிரிவுகளில் கணக்கு வைப்பார்கள். பன்னிரண்டு அணிகள் இருந்தால், ஒரு பிரிவில் முதலாவதாக வருபவருக்கு 12 புள்ளி, கடைசியாக வருபவருக்கு 1. பத்துப் பிரிவின் புள்ளிகளையும் கூட்டினால் மொத்தம்.

நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரே அடியில் எல்லாத் தரிப்பிடங்களையும் சுற்றி வரும் 'ஹோம்ரன்' பிரிவில் நீங்கள் ஏற்கெனவே முதலிடத்தில் இருந்தால், இன்னும் ஐம்பது ஹோம்ரன் வந்தாலும் அதே 12 புள்ளிதான். ஒன்றில் மிஞ்சி மற்றொன்றில் வறண்ட அணி வெல்லாது. ரொன் ஷாண்ட்லர் என்ற ஆய்வாளர் இதை வைத்தே ஒரு திட்டம் வகுத்தார். பெயர் பெற்ற எறிவீரர்களுக்குப் பெருங்காசு கொட்டாமல், திறமை இருந்தும் விலை குறைந்தவர்களை எடுத்து, மிச்சத்தை அடிப்பவர்களுக்குச் செலவிடுவது அது.

மீன் ஏலத்தில் நிற்கும் வியாபாரியைப் பாருங்கள். பாரை நல்ல மீன் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதுதான் அவருடைய கல்வி. நிபுணர் லீக்கிலும் அப்படித்தான். ஒவ்வொரு வீரருக்கும் முன்கூட்டியே ஒரு விலை எழுதி வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் வாய் திறக்க மாட்டார்கள்.

ஐபிஎல்லே இதற்குச் சாட்சி. 2025 பருவத்துக்கான ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்குப் போனார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது 269 ஓட்டங்கள். குஜராத் அணி 8.5 கோடிக்குத் தக்கவைத்த தமிழ்நாட்டுச் சாய் சுதர்சன் 759 ஓட்டங்கள் எடுத்து அந்த ஆண்டின் ஓட்டப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தார். பந்த் திறமையற்றவர் என்று இதற்குப் பொருள் இல்லை. கொடுத்த விலைக்கு என்ன திரும்பி வந்தது என்பதே கேள்வி.

தொடக்க நாட்களின் மயக்கம்

1994 ஏப்ரல் 4இல், பருவத்தின் முதல் நாளில், சிக்காகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ் மூன்று ஹோம்ரன் அடித்தார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் அடித்தது எட்டுத்தான். 2006இல் டெட்ராய்ட் அணியின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் ஒன்பது அடித்தார். பருவ முடிவில் 16. இடையில் அவரைக் கீழ்நிலை லீக்குக்கே அனுப்பிவிட்டார்கள்.

நமக்குத் தெரிந்த கதையும் உண்டு. 2008 ஏப்ரல் 18, ஐபிஎல்லின் முதல் ஆட்டம். பிரெண்டன் மெக்கலம் ஆட்டமிழக்காமல் 158. ஆனால் அந்தப் பருவத்தில் அவர் நான்கு ஆட்டங்களே ஆடினார். மொத்தம் 188 ஓட்டங்கள். நியூசிலாந்து அணிக்காக அவர் இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. முதல் நாள் மாலையில் அவருக்காகத் தன் ஃபேன்டசி அணியைக் கலைத்தவர் என்ன ஆகியிருப்பார்?

ஒரு சில ஆட்டங்களின் எண்ணில் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் இருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதனால் நிபுணர்கள் அந்த எண்ணைவிட வீரருக்குக் கிடைத்திருக்கும் வேலையைப் பார்க்கிறார்கள். அடிக்கும் வரிசையில் மேலே ஏற்றப்பட்டாரா? காயமா? கடைசிச் சுற்றை முடித்து வைக்கும் எறிவீரர் மாறிவிட்டாரா? அடி விழுவதும் விழாததும் நாளுக்கு நாள் மாறும். வேலை மாறினால் அது பல மாதம் நிற்கும்.

அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் அவர்கள் தயங்குவதுமில்லை. ஏலத்தில் எடுபடாத வீரர்களுக்காக ஒவ்வொரு கிழமையும் மறைமுக விலை கேட்பு நடக்கும். அதற்கென்று தனிக் காசு உண்டு. பருவம் முழுவதற்கும் அதுவே போதவேண்டும். ஏப்ரலில் கண்டெடுத்த நல்ல வீரர் ஐந்து மாதம் உழைப்பார், ஓகஸ்டில் கிடைப்பவர் சில கிழமையே. ஆகவே உண்மையான மாற்றத்துக்குச் சீக்கிரம் செலவு செய்வார்கள். வெறும் ஆரவாரத்துக்குச் செய்ய மாட்டார்கள்.

நம் ஊரில் ஒரு லீக்

எட்டுப் பத்து நண்பர்கள் சேர்ந்தால் போதும். ஐபிஎல் தொடங்கும் முன் ஒரு மாலை கூடி, ஆளுக்கு 100 புள்ளி வைத்து வீரர்களை ஏலம் போடுங்கள். ஓட்டம், சிக்ஸர், ஓட்ட வேகம், விக்கெட், சிக்கனம், பிடி என்று ஆறு பிரிவில் கணக்கு வைக்கலாம். ஒருவர் கொப்பியில் எழுதினாலே நடக்கும்.

ஏலத்துக்கு முன் இரண்டைப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் துடுப்பெடுத்தாடுவார், எந்த ஓவர்களை வீசுவார் என்பது ஒன்று. ஆடும் பதினொருவரில் இருப்பாரா என்பது மற்றது. ஐபிஎல்லில் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்குத்தான் இடம். அங்கே இலங்கை வீரர் வெளிநாட்டவர். நம்மவர் என்ற பாசத்தில் விலையை ஏற்றிவிட்டு, அவர் பல ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நேரலாம்.

காசு வைத்து ஆட வேண்டாம். இந்தியாவில் 2008இல் தொடங்கிய 'டிரீம் லெவன்' ஃபேன்டசி ஆட்டத் துறையின் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2025 ஓகஸ்டில் காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்திய நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்ததும், அதன் கட்டணப் போட்டிகள் நின்றன. கடனும் தற்கொலைகளும் அந்தச் சட்டத்துக்கான காரணங்களில் சொல்லப்பட்டன. முதல் கிழமையில் வென்றவர் அதைத் திறமை என்று நம்பி இன்னும் கட்டுவார்; தோற்றவர் விட்டதைப் பிடிக்கக் கட்டுவார். நிபுணர்கள் தவிர்க்கும் அதே தவறு, காசு சேர்ந்தால் குடும்பத்தையே இழுத்துக்கொண்டு போகும். ஏலத்தைப் புள்ளியோடு நிறுத்துங்கள். தோற்றவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தரட்டும், அதற்கு மேல் வேண்டாம்.