தொடக்கப் பள்ளியிற் களிப்புறு கல்வி

இளஞ்சிறார் பலர்க்குப் பள்ளி அச்சந்தரும் இடமாக நெடுங்காலம் இருந்துவந்தது. "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை மாணாக்கனுக்கும் உரியதாக நம்மவர் கொண்டமை அதற்கொரு காரணமாகும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலையும் உள்ளத்தையும் வருத்தும் தண்டனைகளை விலக்கிற்று. எனினும், பிரம்பு நீங்கிய இடத்திற் களிப்பு தானே வந்து அமர்வதில்லை. அதனை வருவிக்கும் வழி யாதென ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

கதையும் பாட்டும் ஆட்டமும் வகுப்பிற்கு வேண்டுவனவே. ஆயினும், சிறுவனுக்கு நிலைத்த களிப்பைத் தருவது "இதனை நானே செய்தேன்" என்னும் உணர்ச்சியாகும். நெடுங்கணக்கு முழுதும் உருப்போட்ட பின்னரே சொல்லைக் காட்டின் அவன் சோர்வடைவான். ட, ப, ம என்னும் எளிய வடிவுடைய எழுத்துக்களையும் புள்ளியையும் அறிந்தவுடன், படம், மடம், பட்டம் என்பவற்றைத் தானே படிக்க விடின், அவன் முகம் மலரக் காணலாம்.

இவ்வுண்மை புதிதன்று. நம் நாட்டுப் பள்ளிகளிற் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றிற் கண்ட மணலெழுத்தைத் தம் பள்ளியிற் புகுத்தி, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். அம்முறை "சென்னை முறை" என்னும் பெயராற் பிற நாடுகளிலும் பரவிற்று.

நம் காலத்தில், 2003-இல், சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த திரு. எம். பி. விஜயகுமார் அவர்கள் முயற்சியாற் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திர நாட்டு ருஷிவாலியில் உருவான முறையைத் தழுவிய இது, பின்னர்த் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிற்று. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் உண்டு. படிகளின் வரிசை ஏணியாகச் சுவரில் விளங்கும். சிறுவன் தன் நிலையை ஏணியிற் கண்டு, உரிய அட்டையைத் தானே எடுத்துப் பாயில் அமர்ந்து பயில்வான். கைக்கெட்டும் உயரத்திலுள்ள கரும்பலகையில் எழுதுவான். நோயாற் பத்து நாள் வாராதவனும் விட்ட படியிலிருந்தே தொடர்வான். வகுப்புத் தன்னை விட்டு ஓடிவிட்டதென்று அஞ்சான். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனச் சிறாரை அவரவர் நிலைக்கேற்ப வகுத்தது.

ஆனால், அட்டையே கற்பிக்குமென்று ஆசிரியர் வாளா இருப்பின், களிப்பும் கல்வியும் ஒருங்கே கெடும். அட்டைக்கு உயிரூட்டுவது ஆசிரியர் கண்ணே. கருவிகள் குறைந்த விடத்தும் அத்தகைய ஆசிரியர்க்கு ஊரே பாடநூலாகும். திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். மலையைச் சூழ்ந்துள்ள இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் ஈறாகிய எட்டும் எண்டிசையைக் கற்பிக்கும். இராஜகோபுரத்தின் பதினொரு நிலைகளை எண்ணலாம். அதன் உயரமாகிய 217 அடியைத் தம் பள்ளிக் கூரையின் உயரத்தோடு ஒப்பிடலாம். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவன் எவ்வளவு நேரத்தில் வலம் வருவான்? மூன்றரை மணி என்னும் விடையைத் தந்தையோடு நடந்த சிறுவன் காலாலும் அறிவான். நாள்தோறும் நிலவை வரைந்துவரின், தெருவில் மக்கள் வெள்ளம் பெருகும் பௌர்ணமி ஏன் வருகின்றதென்னும் வினா தானே எழும். பூக்கட்டும் இல்லத்துச் சிறுமி முழக்கணக்கை முன்னரே அறிவாள்; அதனைப் பெருக்கல் வாய்பாட்டோடு இணைத்துக் காட்டும் நாளில், வாய்திறவாதிருந்த அவளே வகுப்பிற்கு ஆசிரியையாவாள்.

வீட்டிற் படித்தார் எவருமில்லாத சிறுவன் எழுத்தறியாமலே மேல்வகுப்பு ஏறின், அங்கு மௌனமாய் அமர்ந்திருந்து ஒருநாள் நின்றுவிடுவான். நம் கல்லூரி வாயிலை அவன் காணான். ஆதலின், ஆசிரியத் தொழிலை நாடும் நம் மாணவ நண்பர்களும், அத்தொழிலில் அமர்ந்துள்ள பழைய மாணவர்களும், முதல் வகுப்புச் சிறாரின் களிப்பை விளையாட்டுக் காரியமென்று எண்ணாதிருப்பாராக. அவர்தம் வருங்காலம் அதனிடத்தே தங்கியுள்ளது.