ஒன்று, பல, ஒற்றுமை: ஏழு நிமிடத் திரைப்படம் ஒன்றைப் பற்றி

தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த நாட்களில் சிறுவர்களாக இருந்தவர்கள் 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்னும் அசைவோவியக் குறும்படத்தை மறந்திருக்கமாட்டார்கள். அரசின் திரைப்படப் பிரிவு தயாரித்து 1974ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தை இயக்கியவர் விஜயா முளே. ஓவியங்களை உருவாக்கியவர் பீம்சேன். இசை வசந்த் தேசாய். இறுதியில் வரும் பாடலை இயற்றிய வினய் சந்திர மௌத்கல்யா, தில்லியின் புகழ்பெற்ற கந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவியவர். படம் வெளிவந்தபோது சென்னையில் தொலைக்காட்சி நிலையமே இல்லை. அது 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கிற்று.

கதை பஞ்சதந்திரத்தில் உள்ளதே. வேடன் வலையில் சிக்கிய பறவைகள் ஒருசேரச் சிறகடித்து வலையோடு பறந்து செல்கின்றன. நண்பர்களான எலிகள் வலையை அறுத்து விடுவிக்கின்றன. ஆயினும் படத்தின் உயர்வு கதைக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. 'அனேக்' என்றால் என்ன என்று சிறுவன் கேட்கிறான். அக்கா இலக்கணம் கூறுவதில்லை. சூரியன் ஒன்று, சந்திரன் ஒன்று, விண்மீன்களோ பல என்று காட்டுகிறாள். பின்னர் வண்ணத்துப்பூச்சி, அணில், பறவை என ஒவ்வொன்றும் ஒன்றாக வந்து பலவாகப் பெருகுகிறது. தமிழர் செவிக்கு 'அநேகம்' புதிய சொல் அன்று. ஆனால் 'தித்லி' 'தித்லியாங்' ஆவதும், 'கிலஹரி' 'கிலஹரியாங்' ஆவதும் 'கள்' சேர்த்துப் பழகிய நமக்கு எளிதில் வசப்படுவதில்லை. தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட இனிய இந்திப் பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

அக்காலத்தில் சிறுமியாக இருந்த சாதனா சர்கமின் குரல் இப்படத்தில் ஒலிக்கிறது. பிற்காலத்தில் 'அழகி' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற அதே பாடகிதான்.

குறைகளும் உள. அசைவுகள் சிக்கனமானவை, இன்றைய குழந்தைக்கு அவை விறைப்பாகத் தோன்றலாம். இதனை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. பெரிய இழப்பு கதையில் நேர்ந்திருக்கிறது. பஞ்சதந்திரத்தில் புறாக்களின் அரசன் சித்திரகிரீவன், எலி நண்பன் இரணியகன் தன் கட்டை அறுக்க முற்படும்போது தடுத்து, முதலில் தன்னைச் சார்ந்தோரின் கட்டுகளை அறுக்கச் சொல்கிறான். கூட்டமாகப் பறந்ததைவிடச் சிறந்த இடம் அதுவே. படத்தில் அதற்கு இடமில்லை. எலிகள் வந்த வேகத்தில் வலையை அறுத்து முடிக்கின்றன. சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் வழங்கிப் பழகிய வங்கி அலுவலருக்கு இது உறுத்தவே செய்யும். குழு திரள்வது முதற்படி. கிடைத்த தொகையில் தலைவி தன் பங்கை எப்போது எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் குழுவின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

இறுதிப் பாடலிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒற்றுமைக்கு அது தரும் உவமைகளுள் மாலையாகத் தொடுத்த மலர்களும், கடலிற் கலக்கும் ஆறுகளும் உள்ளன. கிருஷ்ணையும் காவிரியும் அந்த ஆறுகளின் வரிசையில் இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சியே. எனினும் இரண்டும் ஒரே பொருளைத் தருவன அல்ல. மாலையில் மல்லிகை மல்லிகையாகவே மணக்கிறது. கடலிற் புகுந்த காவிரிக்கோ பெயரும் இல்லை, சுவையும் இல்லை. பல மொழிகள் பேசும் நாட்டைப் பற்றி முற்றிலும் இந்தியிலேயே பேசும் ஒரு படத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. நான் மாலையின் பக்கம்.

ஆறுகள் வருமுன், மாந்தோப்பில் அச்சிறுவர்கள் ஒன்றுகூடி மாம்பழம் பறிக்கும் காட்சி வருகிறது. பறவைகளின் கதையை அவர்கள் புரிந்துகொண்டதற்கு அதுவே சான்று. படத்தை அங்கேயே முடித்திருக்கலாம்.