வள்ளி என்னும் திருப்பெயர்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே செல்லும் அன்பர்கள் காணும் மலையூர்களுள் கூக்காலும் ஒன்று. ஏரியும் சோலைக்காடும் படிப்படியாய் அமைந்த விளைநிலங்களும் உடையது அவ்வூர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், அந்நிலத்துத் தெய்வம் சேயோன் என்றும் வகுத்தனர் முன்னோர். அடிவாரத்தில் பழனியாண்டவரும், பூம்பாறையில் குழந்தை வேலப்பரும், கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவரும் எழுந்தருளிய இம்மலைநாட்டில் வள்ளி என்னும் பெயர் மிக உரிமையுடையது. ஆயினும் இக்காலப் பெற்றோர் பலர் அதனை நாட்டுப்புறப் பெயர் என்று ஒதுக்குகின்றனர். அதன் பொருளை அறிந்தால் அவ்வாறு ஒதுக்க மனம் வாராது.

வள்ளி என்பது கொடி. சிறப்பாக, மண்ணுள் கிழங்கு வீழ்க்கும் காட்டுக்கொடி. பழனி மலைச்சரிவுகளில் வாழும் பளியர் அக்கிழங்கை அகழ்ந்து உண்டு வாழ்ந்தவர். மழை பொய்த்துத் தினை விளையாத காலத்தும் மண்ணுள் கிடந்து உயிர் காப்பது அது. இச்சொல்லின் ஆட்சி எத்துணை வலியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இரு கிழங்குகளுக்குத் தமிழர் சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று பெயரிட்டனர். மரவள்ளி கொடியே அன்று. கிழங்கு தருவதனாலேயே அப்பெயர் பெற்றது! வள்ளல் என்னும் சொல்லோடு இயைத்துப் பொருள் கூறுவாரும் உளர். அது கேட்க இனிது. எனினும் கிழங்குக்கொடி என்பதே நேரிய பொருளாம்.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின் நிறைவில் உள்ள வள்ளியம்மை திருமணப் படலமும் இதற்கு அரண் செய்கிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் மான் ஈன்ற பெண்மகவை வேடர்கோன் நம்பி கண்டெடுத்தான். கிடைத்த இடத்தின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர். வேடர் குடியின் அன்றாட உணவே இறைவியின் திருநாமம் ஆயிற்று. வேலூர் மாவட்டத்து வள்ளிமலை அந்நிகழ்ச்சியோடு தொடர்புடைய தலமாகப் போற்றப்படுகிறது.

புராணம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பெயர் வழக்கில் இருந்தது. நற்றிணையில் தலைவன் தன் தலைவியை முருகனோடு செல்லும் வள்ளிக்கு ஒப்பிடுகிறான். திருமுருகாற்றுப்படை, ஆறுமுகங்களுள் ஒன்று குறமகள் வள்ளியோடு மகிழ்ந்திருப்பதாகக் கூறுகிறது. தொல்காப்பியத்தில் வரும் ‘வாடா வள்ளி’யோ கொடியன்று, கூத்து, வாடும் கொடியினின்று வேறுபடுத்தவே அவ்வடைமொழி என்பர் உரையாசிரியர்.

இனி, எழுத்தைப் பற்றிக் கூறவேண்டும். திருவள்ளூரில் கனகவல்லித் தாயார், அழகர்கோயிலில் சுந்தரவல்லித் தாயார் என வழங்கும் திருநாமங்களில் உள்ளது லகர ‘வல்லி’. அதுவும் கொடி என்னும் பொருளதே, வடமொழியிலும் வழங்குவது, பெரும்பாலும் மற்றொரு சொல்லின் பின்னே நிற்பது. முருகன் தேவியின் பெயர் ளகரம் பெற்றுத் தனித்து நிற்கும். இவ்விரண்டையும் மயங்க எழுதுதல் இன்று மிகுந்துவிட்டது, வருந்தத்தக்கதே.

வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிமயில் எனப் பெண்மக்கள் பெயர் விரியும். வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமணாளன் என ஆண்மக்களும் தேவியின் பெயரை முன்வைத்தே அழைக்கப்பெறுவர். கடல் கடந்தும் இப்பெயர் சென்றது. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு 1898-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வள்ளியம்மை, காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்றார். அங்கே நோயுற்று, விடுதலையான சின்னாட்களில் 1914-இல் பதினாறு வயதில் மறைந்தார். தமிழ்நாட்டையே கண்டிராத அப்பெண்ணைத் தமிழகம் இன்றும் தில்லையாடி வள்ளியம்மை என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே அழைக்கிறது.

நாண்மீன் எழுத்து நோக்கிப் பெயர் தேடுவோர்க்கு, ரோகிணிக்குரிய எழுத்துக்களுள் வகரமும் ஒன்று. பெயரைப் பதியும்போது தமிழிலும் ‘வள்ளி’ என்று தெளிவாக எழுதச் செய்தல் வேண்டும். ஆங்கில எழுத்தில் ளகரமும் லகரமும் ஒன்றுபோலவே தோன்றும்.